பிராதின் நகல் ஒன்று பாய்லர் இன்ஸ்பெக்டருக்கு

என் தம்பி கொளஞ்சியப்பன் பாய்லரின் மேல் காதை வைத்துக் கேட்டே உள்ளே எத்தனை பவுண்டு நீராவி இருக்கிறது என்று சொல்லிவிடுவான். மீட்டரைப் பார்த்தால் முள் அவன் சொன்ன இடத்தில் நிற்கும். ஒரே ஒரு முறை அவன் அறுபது என்றான், முள் ஐம்பத்தைந்து காட்டியது. மீட்டரைக் கழற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு போய்க் காட்டினோம். மீட்டர்தான் தப்பு. பெருமைக்காக இதை எழுதவில்லை. தேதி வேண்டுமானாலும் தருகிறேன்: 1986 ஆகஸ்டு 11, திங்கட்கிழமை.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் மில்லுக்கு வந்த ஒரு காகிதத்தையும் நான் தூக்கிப் போட்டது கிடையாது. எல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் தேதிவாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். ஆகையால் கீழே வருகிற தேதிகளில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். சந்தேகம் வந்தால் டின்னைத் திறந்து காட்டுவேன்.

கொளஞ்சி என்னைவிட ஆறு வயது சின்னவன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பதினேழு வயதில் தியாகதுருகத்தில் ஒரு ரைஸ்மில்லுக்கு அடுப்பில் உமி தள்ளப் போனான். உமி தள்ளுகிறவன் பாய்லரைத் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். அவன் தொடவில்லை, பார்த்தான். பதினோரு வருடம் பார்த்தான். பிறகு பாய்லர் ஓட்டுகிறவர்களுக்கான பரீட்சைக்குப் போனான். "பாய்லரில் தண்ணீர் குறைந்துவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். "கொறையவே வுட மாட்டேங்க" என்று சொல்லிப் பெயிலானான். அடுத்த தடவை புத்தகத்தில் இருக்கிற பதிலைச் சொல்லிப் பாசானான்.

அந்த மில்லை மூடியபோது, பழைய பாய்லரை இரும்புக்கு உடைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, உடைக்கிற விலைக்கே வாங்கி வந்துவிட்டான். கச்சிராயபாளையத்துக்கு வெளியே, கல்வராயன் மலைக்குப் போகிற சாலையில், என் வீட்டுக்காரர் வீரமுத்துவின் நிலத்தில் மூன்று வருடம் கட்டினான். நெல் ஊற நாலு தொட்டி, அவிக்கப் பாய்லர், காய வைக்கச் சிமெண்டுக் களம், அரைக்க ஒரு மிஷின். களத்தில் நெல் கிண்ட ஒன்பது பெண்கள். அடுப்புச் சாம்பல் வாரச் செல்லமுத்து. செல்லமுத்து மலைக்காரர், நாற்பது வயது. ஒரு மூட்டை சாமை அரைக்க இறங்கி வந்தார். மிஷின் பழுது. மூன்று நாள் காத்திருந்து நாலாம் நாள் வேலைக்கே சேர்ந்துவிட்டார்.

பாய்லருக்கு வருடத்துக்கு ஒரு தடவை அரசாங்கச் சோதனை உண்டு. வெடித்தால் ஊரையே தூக்கிப் போடும் சாமான் என்பதால் அது சரியான சட்டம்தான். முதல் வருடம் ஒரு வயதான இன்ஸ்பெக்டர் வந்தார். விண்ணப்பித்த நாலாம் நாள் வந்தார். சின்னச் சுத்தியலால் பாய்லரின் உடம்பெல்லாம் தட்டிப் பார்த்தார், உள்ளே நுழைந்து வந்தார், மோர் மட்டும் குடித்தார், கையெழுத்துப் போட்டார். அவர் ரிட்டயர்டு ஆனதுதான் எங்களுக்கு நேர்ந்த முதல் கெட்ட காரியம்.

அவருக்குப் பின் வந்தவர் பெயர் கண்ணாயிரம். எந்த ஆபீஸ் என்று எழுத மாட்டேன். அங்கேயும் பிள்ளைகுட்டிக்காரர்கள் வேலை செய்கிறார்கள்.

எங்கள் பாய்லருக்கான சான்று 1987 ஜனவரி 31 வரைக்கும். அதற்குப் பிறகு அடுப்பு மூட்டினால் குற்றம். கொளஞ்சி ஜனவரி 5ஆம் தேதியே விண்ணப்பம் அனுப்பினான். பிப்ரவரி 9 அன்று பதில் வந்தது: பாய்லரின் வரைபடம் இணைக்கப்படவில்லை. வரைபடம் அனுப்பினோம். மார்ச் 2 அன்று பதில்: வரைபடம் நீலத் தாளில் இல்லை. அதே பாய்லர், அதே கோடு, போன வருடம் இதே ஆபீசே முத்திரை குத்திய வரைபடம். கொளஞ்சி விழுப்புரம் போய் நீலத் தாளில் எடுத்து வந்தான். அதற்குள் பாய்லர் குளிர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மார்ச் 19 அன்று சோதனைக்கு வருவதாகக் கடிதம் வந்தது. பாய்லரில் உள்ள தண்ணீரை வடித்து, ஆள் நுழைகிற மூடியைக் கழற்றி, உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்து, திறந்த நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. வைத்திருந்தோம். 19 போனது, 20 போனது, 24 போனது. 25 அன்று கோடை மழை. கொட்டகை ஒழுகியதால் கொளஞ்சி மூடியைப் போட்டு இரண்டு நட்டு மட்டும் முடுக்கி வைத்தான். 26 மாலை நாலரை மணிக்கு வெள்ளை ஜீப் வந்தது. கண்ணாயிரம் சார் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

"இன்னாப்பா, பாய்லர் மூடி இருக்குது?"

"ரெண்டே நட்டு சார். அஞ்சி நிமிஷத்துல தொறந்துடறேன்."

"தொறக்கறது வேற, தொறந்து வச்சிருக்கறது வேற. லெட்டர்ல இன்னா போட்டிருக்குது?"

"தொறந்து வச்சிருக்கணும்னு சார்."

"ம்" என்றார். தொடைமேல் அட்டையை வைத்து, 'பாய்லர் சோதனைக்குத் தயார் நிலையில் இல்லை' என்று எழுதினார். ஜீப் திரும்பிவிட்டது. புது விண்ணப்பம், புது வரைபடம். நீலத் தாளில்.

அன்றிலிருந்து மூடி திறந்தேதான் கிடந்தது. களத்தில் வேலை செய்த செவ்வந்தியின் கோழி ஒன்று உள்ளே போய்ப் பதினோரு முட்டை இட்டு அடைகாத்தது.

"கொளஞ்சி, கோழிய ஒண்ணும் பண்ணாத" என்றாள் செவ்வந்தி. "இந்த வருஷத்துல அந்தப் பாய்லரு குடுக்கப் போற உற்பத்தி அது ஒண்ணுதான்."

ஏப்ரல் 21 அன்று வேறொரு ஆபீசிலிருந்து வேறொருவர் பச்சை ஜீப்பில் வந்தார். இவர் தொழிலாளர்களின் பாதுகாப்பைப் பார்க்கிறவர். மிஷினை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டக் கூடாது என்று இன்னொரு ஆபீசு சொல்லியிருப்பதைக் கொளஞ்சி சொன்னான். "அது அவங்க டிபார்ட்மெண்டு" என்றார். பிறகு பாய்லரைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னாய்யா இது, இம்மாம்பெரிய ஓட்டைய தொறந்து போட்டுக்கினு! ஆளு வுழுந்தா யாரு பதில் சொல்றது? இப்பவே மூடு."

'இயந்திரங்கள் இயங்காத நிலையில் பாதுகாப்பு திருப்திகரமாக உள்ளது. பாய்லர் மூடி எப்போதும் மூடியிருக்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தாளும் டின்னில் இருக்கிறது.

ஒருவர் திற என்கிறார், ஒருவர் மூடு என்கிறார், இரண்டுக்கும் முத்திரை இருக்கிறது. கொளஞ்சி ஒரு பகல் முழுவதும் யோசித்து, கொட்டகை விட்டத்தில் கப்பி மாட்டி, மூடியைக் கயிற்றில் கட்டினான். இழுத்தால் திறக்கும், விட்டால் மூடும். வாருவதற்குச் சாம்பல் இல்லாததால் செல்லமுத்து சாலையோரப் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வார். வெள்ளை ஜீப் என்றால் திறக்க வேண்டும், பச்சை ஜீப் என்றால் மூட வேண்டும். அது மலைக்குப் போகிற சாலை. காட்டிலாகா ஜீப் பச்சை, மாட்டாஸ்பத்திரி ஜீப் வெள்ளை. ஒரு நாளைக்கு ஏழு எட்டுத் தடவை "பச்ச!" "வெள்ள!" என்று மரத்திலிருந்து சத்தம் வரும். என் வீட்டுக்காரர் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டையில் தைலம் தேய்த்துக்கொண்டார்.

"மில்லு ஓடுன காலத்துல கூட இவ்ளோ வேல இல்ல" என்பார்.

சிரித்தோம், ஆனால் பெண்கள் ஒவ்வொருவராக வேறு களங்களுக்குப் போனார்கள். ஜூன் மாதம் நாலு பேர்தான் மிச்சம். அப்போதுதான் நைனார்பாளையத்திலிருந்து நெல் வியாபாரி தனசேகரன் வந்தார். எங்கள் மில்லில் அவிகிற நெல்லில் முக்கால் பங்கு அவருடையது. அவர் நல்ல மனிதர், அதனால் உட்காராமல் பேசினார்.

"கொளஞ்சி, சொர்ணவாரி நெல்லு புரட்டாசி பொறந்ததும் வந்துடும். அன்னிக்கி உன் அடுப்பு எரிஞ்சா லாரி இங்க வரும். எரியலன்னா ஆத்தூருக்குத் திருப்பிடுவேன். ஒரு தபா திருப்புனா அப்புறம் எப்பவும் அங்கதான். என்னைத் தப்பா நெனச்சிக்காத."

"எரியும்ணே" என்றான் தம்பி. எப்படி என்று அவர் கேட்கவில்லை. மூன்று வருடம் செங்கல் செங்கலாகக் கட்டிய மில்லுக்குப் புரட்டாசி முதல் வாரம்தான் கெடு என்று ஆகிவிட்டது.

நான்தான் சொன்னேன், "அந்தச் சாமி பேரைத்தானே உனக்கு வச்சிருக்குது. போய் ஒரு பிராது கட்டு."

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கிற கொளஞ்சியப்பருக்கு எங்கள் பக்கத்தில் மனு எழுதிக் கொடுப்பது வழக்கம். வாயால் வேண்டினால் போதாது. இன்னார் எனக்கு இன்ன குறை செய்தார் என்று தாளில் எழுத வேண்டும். உங்கள் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு அதற்குத் தக்கபடி, சாமி வந்து விசாரிக்கப் பயணப்படி என்று பணம் வாங்குவார்கள். தாளைச் சாமி பாதத்தில் வைத்துப் பூசை செய்து, சுருட்டி நூல் சுற்றி, அங்கேயே காவலுக்கு நிற்கிற முனியப்பர் எதிரில் இருக்கிற வேலில் கட்டிவிட்டு வரவேண்டும். தொண்ணூறு நாளைக்குள் சாமி விசாரித்து முடித்துவிடுவார். குறை தீர்ந்தால் மறுபடியும் போய், தீர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர். பொய்ப் பிராது கொடுக்க யாருக்கும் தைரியம் வராது. பிராதில் தன் பெயர் இருப்பதாகத் தெரிந்தால் சாப்பாடு இறங்காது.

இதெல்லாம் கொளஞ்சிக்கும் தெரியும். ஆனால் ஆறு மாதம் ஆபீசுக்கு எழுதி எழுதி அவன் கை கெட்டுப் போயிருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அனுப்புநர், பெறுநர் போடச் சொன்னான். பெறுநர்: அருள்மிகு கொளஞ்சியப்பர் அவர்கள், மணவாளநல்லூர். பொருள்: பாய்லர் சோதனை, ஆறு மாதக் காலதாமதம், உரிய நடவடிக்கை கோருதல் தொடர்பாக. பார்வை என்று போட்டு ஏழு கடிதங்களின் எண்ணும் தேதியும். குறை செய்தவர் பெயர், பதவி. எல்லாம் முடிந்து கடைசியில் 'நகல்' என்றான்.

"நகலா? யாருக்கு?"

"இன்ஸ்பெக்டருக்கு. தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும் பணிந்து அனுப்பப்படுகிறதுன்னு போடுக்கா."

"டேய், சாமிக்கு எழுதறதுக்கு நகல் எதுக்குடா? இது உனக்கும் சாமிக்கும் நடுவுல இருக்குற விஷயம்."

"நகல் இல்லாத மனுவ யாரும் சீந்த மாட்டாங்கக்கா."

எனக்கு அது தப்பாகத்தான் பட்டது. எங்கள் வம்சத்தில் யாரும் சாமி பிராதைத் தபாலில் அனுப்பியது கிடையாது. ஆனாலும் கார்பன் வைத்து எழுதினேன். ஜூன் 22, திங்கட்கிழமை, இருவரும் போய்க் கட்டினோம். கோயிலில் மனு வாங்குகிறவர் முழுவதும் படித்துவிட்டு, "தம்பி எந்த ஆபீஸ்ல குமாஸ்தா?" என்று கேட்டார். கொளஞ்சி அவரிடம் ரசீது கேட்டு வாங்கினான். மறுநாள் நகலை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினான்.

ஜூலை 17 அன்று பதில் வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன். ந.க. எண் 2214/ஆ2/87. 'பார்வையில் காணும் தங்கள் மனு உரிய அதிகாரிக்கே முகவரியிடப்பட்டுள்ளதால், இவ்வலுவலகத்தில் மேல்நடவடிக்கை ஏதும் தேவையில்லை எனத் தெரிவிக்கலாகிறது.' கீழே 'இன்ஸ்பெக்டருக்காக' என்று போட்டு வேறு யாருடையதோ கையெழுத்து, முத்திரை.

கொளஞ்சிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, உரிய அதிகாரி யாருன்னு ஆபீசே எழுதிக் குடுத்துட்டாங்க" என்றான்.

அதற்குப் பிறகு ஆபீசில் நடந்ததைக் கண்ணாயிரம் சாரே பின்னால் எங்கள் களத்தில் உட்கார்ந்து சொன்னார். அவர் சொந்த ஊர் விருத்தாசலத்துப் பக்கம்தான், கொளஞ்சியப்பர் கோயில் மணி காதில் விழுகிற தூரம். எங்களுக்கு அது தெரியாது. ஒன்றரை மாதம் லீவில் இருந்துவிட்டு வந்தவர், ஆகஸ்டு 24 அன்று கட்டைப் பிரித்தபோது நகல் கண்ணில் பட்டிருக்கிறது. தன் பெயர், பதவி, பெறுநர் யார் என்பது எல்லாம் படித்துவிட்டு, குமாஸ்தாவைக் கூப்பிட்டு, "இத ஏன்யா அப்பவே சொல்லல?" என்று கேட்டிருக்கிறார். "தகவலுக்காகன்னு இருந்துச்சி சார், அவசரம்னு இல்ல" என்றாராம் குமாஸ்தா.

மறுநாள் அவருக்குக் கழுத்தில் கட்டி. வெயில் சூட்டில் யாருக்கும் வரும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அவர் மனைவி காலண்டரை எடுத்து ஜூன் 22-லிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டார். செப்டம்பர் 20 தொண்ணூறாம் நாள்.

உடனே புறப்பட்டுவிடலாம் என்றுதான் அவரும் நினைத்தார். முறைப்பட்டியலில் எங்கள் மில் நவம்பரில் இருந்தது. பட்டியலை மாற்றி வெளியூர் போக மேலதிகாரியின் பயண அனுமதி வேண்டும். ஆகஸ்டு 25 அன்று கேட்டார். பயணத்தின் அவசரத்துக்குக் காரணம் என்ன என்று திரும்பி வந்தது. சாமி பயம் என்று எழுத முடியுமா? 'பொதுநலன்' என்று எழுதினார். எந்தப் பொது என்று கேட்டார்கள். பிறகு விண்ணப்பம் தவறான படிவத்தில் இருக்கிறது என்று திருப்பினார்கள். அவர் இதைச் சொன்னபோது கொளஞ்சி மரியாதையாக, "நீலத் தாள்ல குடுத்துப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டான். செவ்வந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

கடைசியில் செப்டம்பர் 17ஆம் தேதிக்கு அனுமதி வந்தது. அன்றுதான் சாலை மறியல் தொடங்கியது.

இட ஒதுக்கீடு கேட்டு நடந்த அந்தப் போராட்டத்தை எங்கள் ஜில்லாவில் யாரும் மறக்க முடியாது. சாலையோர மரங்களெல்லாம் குறுக்கே விழுந்து கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை, தபால் இல்லை. அந்த வாரத்தில் உயிர்கள் போயின. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு மனம் இல்லை. எங்கள் மில்லுக்கு வந்த கவலையை மட்டும் சொல்கிறேன். தனசேகரன் நெல் மூட்டை கட்டி வைத்துவிட்டார், சாலை திறக்கட்டும் என்று காத்திருந்தார். சாலை திறக்கிற அன்று லாரி கிளம்பும். இங்கேயா, ஆத்தூருக்கா என்பதுதான் கேள்வி. சாலை திறந்து கிடந்த எட்டு மாதத்தில் ஒரே ஒரு தடவை வந்து ஜீப்பை விட்டு இறங்காதவர், மரம் விழுந்து கிடக்கும்போதா வரப் போகிறார்?

செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. இரண்டு நாளாக ஒரு ஜீப்பும் பார்க்காத செல்லமுத்து மரத்தின் மேலிருந்து, "சைக்கிளு!" என்று கத்தினார்.

"சைக்கிளுக்குத் தொறக்கறதா, மூடறதா?" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார் என் வீட்டுக்காரர். அதற்கு எங்களிடம் ஏற்பாடு இல்லை.

பேண்ட் முழங்கால் வரைக்கும் மடித்து, ஷூ இரண்டையும் கயிற்றில் கோத்து ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, கழுத்தில் பிளாஸ்திரியோடு கண்ணாயிரம் சார் வந்து நின்றார். சட்டையெல்லாம் மரப்பால். விழுந்து கிடந்த ஒவ்வொரு மரத்துக்கும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கி, இரண்டு நாளாக வருகிறார். காரியரில் ஒரு மஞ்சள் பை.

"கொளஞ்சியப்பன் யாரு?"

"நாந்தான் சார். மார்ச் மாசம் பாத்தீங்களே."

"தம்பி, அந்தப் பிராத வாபஸ் வாங்கிடு. இன்னும் ரெண்டே நாளு."

"வாங்கிடலாம் சார். கொற தீரணுமே. தீராம வாங்குனா பொய்யாப் பூடும்."

அவர் மஞ்சள் பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். பாய்லருக்குள் நுழைந்தார். உள்ளே மறுபடியும் அடைக்கு உட்கார்ந்திருந்த கோழி பெரிய சத்தம் போட்டது. வெளியே வரும்போது அவர் தலையில் இரண்டு இறகு ஒட்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை. தட்டிப் பார்த்ததில் பழுது ஒன்றும் இல்லை. செவ்வந்தி தன் கோழியை வெளியே எடுத்துக்கொண்டாள். பிறகு தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, நூறு பவுண்டில் வேலை செய்கிற பாய்லரை நூற்றைம்பதில் நிறுத்திக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பத்து நிமிடம் ஆனதும், "போதும்பா, எறக்கிடு" என்றார்.

"ரூல்ல அரை மணி நேரம்னு இருக்குது சார்" என்றான் கொளஞ்சி.

"பரவால்ல."

"இல்ல சார். வெடிச்சா பக்கத்துல நிக்கப் போறவன் நான்."

அரை மணி நேரம் நின்றது. ஒரு சொட்டுக் கசியவில்லை. அவன் மீட்டரைப் பார்க்கவில்லை, காதை வைத்துக்கொண்டு நின்றான். இன்ஸ்பெக்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எங்கப்பா கத்துக்கின?" என்று அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார்.

பிறகு அவர் களத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். 'தாமதத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் 'சாலை மறியல்' என்று எழுதியதைக் கொளஞ்சி பார்த்துவிட்டான்.

"சார், மறியலு நேத்திக்கிதான ஆரம்பிச்சிது. ஜனவரிக்கி இன்னா காரணம்?"

"ஒரு காரணம் எழுதத்தாம்பா எடம் இருக்குது."

"ஜனவரியில மரம் ஒண்ணும் வுழுவலயே சார். மரம் வெட்டுனவங்க ரெண்டு நாளுதான் ரோட்ட அடைச்சாங்க. எட்டு மாசம் அடைச்சது யாரு?"

அவர் நிமிரவில்லை. ஆனால் கட்டத்தில் எழுதியதை அடித்துவிட்டு 'நிர்வாகக் காரணம்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டு, சான்று வருகிற வரைக்கும் பாய்லரை ஓட்டலாம் என்ற தற்காலிக அனுமதியையும் நீட்டினார்.

"முத்திரை, சார்?"

"ரப்பர் ஸ்டாம்பு ஆபீஸ்ல இருக்குதுப்பா. அப்புறமா அனுப்பறேன்."

"சரிங்க சார். அப்ப ராஜினாமாவும் அப்புறமா அனுப்பறேன்."

மஞ்சள் பையின் அடியில் கை விட்டுத் துழாவினார். முத்திரையும் இருந்தது, மையும் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் இரண்டு சைக்கிளில் மணவாளநல்லூருக்குக் கிளம்பினார்கள். கள்ளக்குறிச்சி தாண்டி ஓரிடத்தில் மறியலில் உட்கார்ந்திருந்தவர்கள் நிறுத்தினார்கள். பேண்ட் போட்ட ஆளைப் பார்த்துக் கவருமெண்டு ஆள் என்று சந்தேகம். கண்ணாயிரம் சார் கொளஞ்சியின் சைக்கிளுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாராம்.

"யாருப்பா இவுரு?"

"எங்கக்கா வூட்டுக்காரருண்ணே. பிராது ராஜினாமா பண்ணப் போய்க்கினு இருக்கறோம். நாளையோட கெடு முடியுது."

பிராது என்றதும் வழிவிட்டு, சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கியும் விட்டார்கள். "மாமா, பாத்துப் போங்க" என்று சொன்னார்களாம். என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் மில்லில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

வழியில் நைனார்பாளையத்தில் நிறுத்தி, தனசேகரனிடம் அனுமதியைக் காட்டினான். அவர் தாளைப் பார்க்கவில்லை, கூட நின்ற ஆளைப் பார்த்தார். "இன்ஸ்பெக்டரையே கூட்டிக்கினு வந்துட்டியா? லாரி உனக்குத்தான்" என்றார்.

அன்று புரட்டாசி சனிக்கிழமை. கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் வீட்டில் கொளஞ்சிக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு. அந்த அம்மா பரிமாறும்போது, "நாளைக்கிக் காலையில எத்தன மணிக்குப்பா கோயில் தொறப்பாங்க?" என்று அவனிடம் ஒரு தடவை, தன் வீட்டுக்காரரிடம் ஒரு தடவை, மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

தொண்ணூறாம் நாள் காலையில் கோயிலில் ரசீது எண் கேட்டார்கள். நான் கொடுத்தனுப்பியிருந்தேன். 'குறை தீர்ந்தது' என்று எழுதிக் கொடுத்தான். பத்தே நிமிடம். வரைபடம் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கண்ணாயிரம் சார் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, ராஜினாமாவுக்கு ஒரு நகல் எனக்கு வேணும். பைல்ல வைக்கணும்" என்றாராம்.

செப்டம்பர் 24 காலையில் முதல் லாரி வந்தது. போன பெண்கள் ஐந்து பேரும் லாரியைப் பார்த்ததும் அவர்களாகவே களத்துக்கு வந்து நின்றார்கள். செவ்வந்தி தன் கோழியை வெளியே எடுத்துக்கொண்டாள். தொட்டியில் நெல் ஊறியதும், மறுநாள் கொளஞ்சி அடுப்பு மூட்டினான். எட்டு மாதத்துக்குப் பிறகு குழாயில் நீராவி ஏறியது. காதை வைத்துவிட்டு, "நாப்பது" என்றான். நான் போய் மீட்டரைப் பார்த்தேன். நாற்பதுதான்.

அக்டோபர் 12 அன்று சான்று தபாலில் வந்தது. நான் முதலில் தேதியைத்தான் பார்ப்பேன். சான்று செல்லும் காலம்: 1-2-1987 முதல் 31-1-1988 வரை. நாங்கள் ஓட்டாத எட்டு மாதத்துக்கும் சேர்த்து அனுமதி கொடுத்திருந்தார்கள். கீழே சின்ன எழுத்தில் இருந்தது: 'புதுப்பித்தலுக்கான விண்ணப்பம் மூன்று மாதம் முன்னதாக அனுப்பப்பட வேண்டும்.'

எண்ணிப் பார்த்தேன். இன்னும் பத்தொன்பது நாள். கொளஞ்சியிடம் காட்டினேன். அவன் இரண்டு தடவை படித்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். தோளில் கிடந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, வெள்ளத் தாளு இருக்குதா?"

"இருக்குது. யாருக்கு எழுதணும்?"

"ரெண்டு பேருக்கும்."

நான் கார்பன் தாளையும் எடுத்து வந்தேன்.